வண்டி மேல் உட்கார்ந்து வந்தது

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நம் ஆட்கள் கேட்டார்கள். என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

போன வாரம் செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் வேன் ரூஃபின் மேல் டிவி ஆன்டெனா மாட்டி முடித்துவிட்டு, அதன் தலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். "செம ஸ்ட்ராங்கா கீது சார், ஆளே ஏறி குந்தினாலும் அசையாது" என்று வண்டிக்காரரிடம் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் அவருக்கே தெரியும். அந்த இரண்டு தட்டைப் பார்த்து வந்த கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல். நானும் அப்படித்தான் தட்டினேன்.

வயர் இழுப்பது, சிக்னல் பிடிப்பது, ரிசீவர் வைப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன். நான் மாட்டிய ஒரே ஒரு ஆன்டெனாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வேலையை விடுவதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. மாமல்லபுரத்தில் ஒரு அம்மா இரண்டு வேன் வைத்து டிராவல்ஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியில் லைவாக கிரிக்கெட் தெரிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. கவிழ்த்த சட்டி மாதிரி வெள்ளை மூடி, உள்ளே சின்ன டிஷ், வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அது சுற்றிச் சுற்றி சாட்டிலைட்டைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த சாமான்தான். டிரைவர்கள் அதைச் சட்டி என்றே சொல்வார்கள்.

தை மாதம் மாட்டினேன். நாலு கால். வலது பக்கம் இரண்டு காலுக்கும் ரூஃபின் இரும்புச் சட்டம் கிடைத்தது, போல்ட் போட்டு இறுக்கினேன். இடது பக்கம் அடியில் ஏசி டக்ட் ஓடியது. சீலிங்கைப் பிரித்தால்தான் அடியில் பட்டைத் தகடு கொடுத்து போல்ட் போட முடியும். அரை நாள் வேலை. மறுநாள் காலையில் வண்டிக்கு ட்ரிப் இருந்தது. வெறும் ரூஃப் தகட்டில் இரண்டு ஸ்க்ரூவை ஏற்றி, சுற்றிப் பசையை அப்பினேன். "அடுத்த தடவை சர்வீஸுக்கு வரும்போது சரியா போட்டுத் தரேன்" என்றேன். அடுத்த தடவை என்று ஒரு நாள் நம் தொழிலில் கிடையாது. கேலண்டரில் தேடிப் பாருங்கள்.

பிறகு உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினேன். அசையவில்லை.

அந்த வேனின் டிரைவர் பெயர் ஏழுமலை. அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமம். நாற்பது வயசு இருக்கும். வண்டியில் ஒரு கீறல் விழ விட மாட்டான். குடியை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. மகளை நர்சிங் படிக்க வைத்திருந்தான், இரண்டாம் வருஷம். தினமும் பதினோரு மணிக்கு மாமல்லபுரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, கல்பாக்கத்தில் ஒரு நிறுத்தம் போட்டு, கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போவான்.

மாசி மாதம் பாதி தாண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் பட்டறைக்கு வந்தான். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணாத்த, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு. சிரிப்பு வந்தா சிரிப்பேன்."

"வண்டி மேல யாரோ குந்திகினு வராங்க."

நான் சிரிக்கவில்லை. அதற்குள் அவன் சொல்லிக்கொண்டே போனான். "கடப்பாக்கத்துக்கு முன்னாடி உப்பங்கழி மேல பாலம் கீது இல்ல, சவுக்குத் தோப்பு முடியுற எடம். பாலத்துல ஏறினதும் மேல டொக்குன்னு ஒரு சத்தம். ஆள் கால் வெச்ச மாதிரி. அப்பால டிவில மூஞ்சிங்கல்லாம் கட்டம் கட்டமா பிஞ்சிப் போவுது. மேல ர்ர்ருன்னு ஏதோ திரும்புது. தலைய இப்டியும் அப்டியும் திருப்பித் திருப்பி யாரையோ தேடுற மாதிரி. பாலம் முடிஞ்சதும் திரும்ப ஒரு டொக்கு. எறங்கிப் போற மாதிரி."

"மணி இன்னா அப்போ?"

"பன்னண்டு. சரியா உச்சி. தெனம் அதே எடம், அதே நேரம்." குரலைத் தாழ்த்தினான். "ரொம்ப நாளுக்கு முன்னாடி பஸ்ஸு மேல குந்திகினு வந்த ஒருத்தன் அந்தப் பாலத்துல வுழுந்து செத்தானாம். மேல எடம் கீற வண்டியா பாத்து ஏறிக்குவான்னு டிரைவருங்கோ சொல்றாங்க. நீ வேற மேல ஒரு சீட்டு போட்டுக் குட்துட்ட."

இப்போது சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியும். வருஷத்தில் இரண்டு தடவை, மாசியின் பிற்பகுதியிலும் புரட்டாசியின் நடுவிலும், நம் பக்கத்தில் உச்சி வேளைக்குச் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். ஏழெட்டு நிமிஷம் டிஷ்ஷுக்குக் கண் கூசிப்போகும். படம் பிய்யும். சட்டிக்குள் இருக்கும் மோட்டார் சிக்னலைத் தேடிச் சுற்றும். சில நாளில் தானாகச் சரியாகிவிடும். அவன் தினமும் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாலத்தில் இருக்கிறான். அதனால் பாலத்தின் மேல் பழி போடுகிறான்.

"சூரியனா?" என்றான்.

"சூரியன்தான்டா. பேய் இல்ல."

"அப்ப டொக்குன்னு சத்தம்?"

"பாலத்துல ஏறுற எடத்துலயும் எறங்குற எடத்துலயும் ரோடு ஜாயின்ட் இருக்கும். டயர் அதுல ஏறி எறங்குது."

"இன்னொண்ணும் கீது அண்ணாத்த" என்றான்.

"போதும். வூட்டுக்குப் போ."

அந்த இன்னொன்றை நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இருந்திருக்காது. ஆனாலும் என் மனசாட்சிக்கு ஒரு பிடி சோறு போட வேண்டுமே. அவன் போவதற்கு முன்னால் ரூஃபில் ஏறினேன். சட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். அசையவில்லை. இறங்கிவிட்டேன்.

இதை நன்றாகக் கவனியுங்கள். நான் சொன்ன சூரியன் பொய் இல்லை. அந்த ஒரு வாரத்துக்கு அது முழு உண்மை. அதுதான் என்னைக் கெடுத்தது. தப்பான பதிலாக இருந்திருந்தால் இரண்டு நாளில் திரும்பத் தேடியிருப்பேன். சரியான பதில் கையில் கிடைத்ததும் காதை மூடிக்கொண்டேன்.

பங்குனி பிறந்து பத்து நாள் ஆயிற்று. வேன் ஓனரம்மா போன் செய்தார்.

"சார், உங்க சூரியன் இன்னும் போகலையா?"

"போயி ரெண்டு வாரம் ஆச்சேம்மா."

"இவனுக்குப் போகல. பாலம் வந்தா வண்டிய மாட்டு வண்டி மாதிரி உருட்டுறான். ஜன்னல் வழியா எலுமிச்சம்பழம் வீசுறான். பின்னாடி வண்டிக்காரன்லாம் ஹாரன் அடிச்சித் திட்டுறான். உள்ள உக்காந்திருக்கிற கஸ்டமர் வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. நீங்க வந்து ஒரு தடவை கூட உக்காருங்க. ஆன்டெனால கோளாறுன்னா சரி பண்ணுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, அன்னிக்கே அவனை அனுப்பிடறேன். குடிக்காம எவனும் இப்படிப் பேச மாட்டான்."

ஒரு பக்கம் என் வேலையின் பேர். இன்னொரு பக்கம் அவன் வேலை, அவன் மகளின் படிப்பு. என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் அது தொங்கியது. நான் வண்டியில் உட்காருவதற்கு முன்னாலேயே எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டேன். அவனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். ஒரே ஒரு தடவை வேகம் குறைக்காமல் பாலத்தைத் தாண்ட வைத்துவிட்டால் பயம் தெளிந்துவிடும், வேலையும் தப்பும் என்று கணக்குப் போட்டேன்.

அன்று ஆள் ஏற்றவில்லை. ஏழுமலை ஸ்டியரிங்கில், நான் அவன் பக்கத்தில், ஓனரம்மா நடு சீட்டில். டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. கல்பாக்கம் தாண்டினோம். பாலாற்றுப் பாலத்தில் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெள்ளை மணல்தான். சத்தம் இல்லை, படம் பிய்யவில்லை.

"பாத்தியா?" என்றேன்.

"இது இல்ல அண்ணாத்த" என்றான்.

அதற்குப் பிறகு ரோட்டில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. நடுப்பகல். வண்டிகளின் நிழல் வண்டிக்கு அடியிலேயே கிடந்தது. இறால் பண்ணைகளில் சக்கரம் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஒரு பஸ் நிறுத்தத்தில் நாய் ஒன்று நின்று எங்கள் வண்டியைப் பார்த்தது. எங்களை அல்ல, ரூஃபைப் பார்த்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. உள்ளே இருட்டு, வெளியே கண் கூசும் வெயில். காற்று துளிக்கூட இல்லை.

தோப்பு முடிவதற்குச் சற்று முன்னால் ஏழுமலை வாயைத் திறந்தான்.

"அன்னிக்கி இன்னொண்ணு சொல்ல வந்தேனே. பாலத்துல சோத்தாங்கை பக்கம் தண்ணியப் பாரு. ஒரு தலை இருக்கும். கழுத்து வரைக்கும்தான் தெரியும். வாயில ஏதோ கவ்விகினு இருக்கும். நம்ம வண்டி வந்தா கையத் தூக்கும். ஆனா என்னியப் பாக்காது. எனக்கு மேல பாக்கும். மேல குந்திகினு வரவனப் பாக்கும்."

ஓனரம்மா பின்னாலிருந்து, "வீட்டுக்குப் போனதும் கணக்கு முடிச்சிக்கலாம் ஏழுமலை" என்றார்.

"ஸ்லோ பண்ணாத" என்றேன் நான். "இப்ப போற மாதிரியே போ."

அவன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. தோப்பு முடிந்தது. ஒரு கதவைத் திறந்த மாதிரி இடது பக்கம் கடல் வரைக்கும் வெட்டவெளி. பாலத்தில் ஏறினோம்.

வலது பக்கம் பார்த்தேன். கழியின் தண்ணீர் அசையாமல் தகரம் மாதிரி கிடந்தது. அதன் நடுவில் ஒரு தலை இருந்தது. உடம்பு தெரியவில்லை. முகத்தின் கீழ்ப்பாதியை ஏதோ மறைத்திருந்தது. தலை எங்கள் பக்கம் திரும்பியது. தண்ணீரிலிருந்து ஒரு கை மெதுவாக மேலே எழுந்தது. கண்கள் எங்களுக்கு மேலே எதையோ பார்த்தன.

எனக்கும் பயம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. டொக்.

பாலத்தின் ஜாயின்ட் இல்லை. ஜாயின்டை டயர் எப்போதோ தாண்டியிருந்தது. கால் வைத்த சத்தமும் இல்லை. இருபத்தாறு வருஷம் ரூஃபின் மேல் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். இரும்புக் கால் தகட்டை விட்டு எழும்பி மறுபடி தகட்டில் உட்காருகிற சத்தம் அது. இடது பக்கக் கால். நான் தகடு கொடுக்காமல் விட்ட கால்.

டிவியில் சமையல்காரம்மாவின் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒரு கட்டத்தில் வாய் மட்டும் தனியாக அசைந்தது. மேலே ர்ர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

ஏழுமலையின் கால் பிரேக்குக்குப் போனது. நான் அதைப் பார்த்தேன். எனக்குத் தெரியும். "நிறுத்து" என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. ஒரு நொடி என்பது நிறைய நேரம். ஆனால் பின் சீட்டில் ஓனரம்மா இருந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் இரண்டு தடவை சொல்லியிருந்தேன். பாலம் இன்னும் நூறு அடிதான், தாண்டிவிட்டால் மாமல்லபுரம் போய் யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று புத்தி போனது.

"மிதிக்காத. போ" என்றேன்.

போனான்.

தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. சீலிங் துணி மேலே இழுபட்டுக் குழிந்தது. கேபிள் பாம்பு மாதிரி ஓட்டைக்குள் சரசரவென்று ஓடி அறுந்தது. டிவி கறுத்துப்போனது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டி காற்றில் மெதுவாக உருண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, வலது பக்கம் கீழே போனது.

வண்டி நின்றது. எனக்கு முன்னால் ஏழுமலை இறங்கி ஓடினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் தலை இல்லை. தலை இருந்த இடத்தில் வெள்ளைச் சட்டி மிதந்தது, மெதுவாகச் சுற்றிக்கொண்டு. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. ஒரு வட்டம், இரண்டு வட்டம். அப்போதுதான் காற்று என் சட்டையைத் தூக்கியதைக் கவனித்தேன். தோப்புக்குள் இல்லாத காற்று. கடலிலிருந்து, இடது பக்கமாக.

ஒரு மாசமாக அந்தத் தலைக்குப் பயந்து பழம் வீசிக்கொண்டிருந்தவன் சட்டை, பேன்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கி அதை நோக்கியே போய்க்கொண்டிருந்தான். பேய் இல்லை என்று சொன்னவன் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

சட்டிக்கு மூன்று முழம் தள்ளித் தண்ணீர் கலங்கியது. ஒரு அம்மா எழுந்து நின்றார். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஐம்பது வயசு இருக்கும். பல்லில் ஓலைப் பறியைக் கவ்வியிருந்தார், கழுத்துக்குக் கீழே அது தொங்கியது. கழியில் உட்கார்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் அப்படித்தான். பிடித்ததைப் போட இடம் வாயில் கவ்விய பறி மட்டும்தான். சட்டி வருவதைப் பார்த்து முங்கியிருக்கிறார். முங்கியதால் தலை தப்பியது. சட்டியின் இரும்புக் கால் நுனி வலது கையை முழங்கை வரை கிழித்திருந்தது. அவ்வளவு ரத்தத்திலும் பறியை விடவில்லை.

ஏழுமலை அவரைக் கரைக்குக் கூட்டி வந்தான். உட்கார்ந்த பிறகுதான் பறியை வாயிலிருந்து எடுத்தார். முதல் வார்த்தை அவனுக்குத்தான்.

"ஒரு மாசமா கையக் காட்டுறேன், நிறுத்துய்யா நிறுத்துய்யான்னு. நீ இன்னாடான்னா பழத்தத் தூக்கி மூஞ்சில எறிஞ்சிட்டுப் போற."

அவன் தன் சட்டையைக் கழற்றி அவர் கையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அது இன்னாய்யா, அந்த வெள்ளத் தலை?" என்றார் அந்த அம்மா. "உன் வண்டி மேல குந்திகினு வரும். பாலத்துக்கு வந்தா ஒரு பக்கமா எழும்பி, என்னிய எட்டிப் பாக்கும். மொத நாளு நான் பயத்துல தண்ணிக்குள்ள முங்கிட்டேன். நாலு நாளு இந்தப் பக்கமே வரல. அப்பாலதான் தெரிஞ்சிது, காத்து தூக்குதுன்னு."

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றார் ஓனரம்மா.

அந்த அம்மா பறியைத் தூக்கிக் காட்டினார். "இத்தக் கவ்விகினு எப்டி கூவுறது? வாயத் தொறந்தா காலைலருந்து புடிச்ச எறா மொத்தமும் தண்ணில போவும்." பிறகு ஏழுமலையைப் பார்த்து, "நீ போட்ட பழத்தையெல்லாம் பொறுக்கி ஊறுகா போட்டுட்டேன். நல்லாத்தான் கீது" என்றார்.

அவன் அந்தத் தண்ணீருக்குப் பயந்தான். அவர் என் ஆன்டெனாவுக்குப் பயந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பயத்துக்கும் நடுவில் என் இரண்டு ஸ்க்ரூ இருந்தது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஏழு தையல். வெளியே மரத்தடியில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். ஓனரம்மா கேட்டார், "இப்ப சொல்லுங்க சார். இவனை அனுப்பணுமா?"

"என்னை அனுப்புங்க" என்றேன்.

அனுப்பினார். அவருடைய வண்டியில் நான் பிறகு கை வைக்கவில்லை. விஷயம் பரவி, கொஞ்ச காலம் கடற்கரைச் சாலை வண்டிக்காரர்கள் யாருமே என் பட்டறைப் பக்கம் வரவில்லை. நியாயம்தான். ஏழுமலை அங்கேயே வேலையில் இருந்தான். அவன் மகள் படிப்பை முடித்துவிட்டாள்.

அன்றைக்கு ஓனரம்மா உள்ளே போன பிறகு அவன் என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. "போன்னு சொன்னியே அண்ணாத்த. அதுக்கு முன்னாடியே உனக்குத் தெரிஞ்சிபோச்சி, இல்ல?"

"தெரியும்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணாத்த என்று கூப்பிடவில்லை.

அவன் பாலத்தில் மெதுவாக உருட்டியதால்தான் அந்தச் சட்டி ஒரு மாசம் ரூஃபில் நின்றது. கடற்காற்று அங்கே பன்னிரண்டு மணி சுமாருக்குத்தான் எழும்பும். தோப்பு இருக்கும்வரை வண்டியைத் தொடாது, பாலத்தில்தான் பக்கவாட்டில் வந்து அடிக்கும். அவன் சொன்ன இடம் சரி, அவன் சொன்ன நேரமும் சரி. வேகம் குறைவாக இருந்ததால் காற்று சட்டியின் காலை ஒரு விரல் அளவு தூக்கிவிட்டு வைத்தது. அவன் பயம் ஒரு மாசம் பிடித்து வைத்திருந்ததை என் அறிவு ஒரு நொடியில் பிய்த்து எறிந்தது.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். மாட்டியதைத் தட்டிப் பார்க்காதீர்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள். காற்று எதையும் அமுக்குவதில்லை. ஒரு பக்கக் காலைப் பிடித்து, உங்கள் முழு பலத்தோடு மேலே தூக்கிப் பாருங்கள். அப்புறம் மறுபக்கம். நான் மூன்று மாசத்தில் நாலு தட்டு தட்டினேன், ஒரு தடவை தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கினால் தெரிந்துவிடும் என்பது எனக்கு உள்ளூரத் தெரியும். அதனால்தான் தூக்கவில்லை.

டிரைவர் வந்து பேய் என்று சொன்னால் பேயை விடுங்கள். இடம் எது, நேரம் எது, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இன்னொன்று இருக்கிறது என்று அவர் சொன்னால் அந்த இன்னொன்றைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் கடப்பாக்கத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அந்தப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஏன் என்று தெரியாது. கீழே அந்த அம்மா தண்ணீரில் இருந்தார். கரைக்கு வந்து, பறியை எடுத்துவிட்டு, தையல் போட்ட கையைக் காட்டினார். கோடு வெளுத்திருந்தது.

"இன்னும் ஒண்ணு வருது" என்றார்.

"இன்னா ஒண்ணு?"

"வெள்ளத் தலை. வேற வண்டி. பத்து நாளா வருது. எறங்கி வந்து நின்னு பாரு, இப்ப வர நேரந்தான்."

செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியோடு இறங்கினேன். அவர் உட்கார்ந்த மாதிரியே சேற்றில் உட்கார்ந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. இத்தனை வருஷம் வண்டியை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததில்லை. பாலம் வானத்தில் ஓடுவது மாதிரி இருந்தது. காற்று எழுந்திருந்தது. அவர் பறியைக் கவ்விக்கொண்டார்.

வெள்ளை வேன். தோப்பிலிருந்து வந்தது. பாலத்தில் ஏறியதும் அதன் மேல் இருந்த சட்டி இடது பக்கமாக எழும்பியது. ஒரு விரல் இல்லை, நாலு விரல். எழும்பி, சாய்ந்து, எங்கள் இரண்டு பேரையும் எட்டிப் பார்த்தது. அவர் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். என் வாயில் பறி இல்லை, நான் கத்தினேன். ஆனால் ஏசி வண்டி, கண்ணாடி ஏற்றியிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பயம் எனக்குத் தெரிந்ததுதான். ஏழுமலையின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

இவர் பிரேக் போடவில்லை. வேகத்தைக் கூட்டினார்.

கண்ணில் வெயில் அடித்தது, வண்டி எண்ணைப் படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் போய் நின்றேன், அந்த வண்டி வரவில்லை. வழியை மாற்றியிருப்பார். அந்தச் சட்டி இப்போது எந்த ரோட்டில், யார் தலைக்கு நேராகப் போகிறது என்று எனக்குத் தெரியாது. அந்த ரோட்டு வண்டிகளுக்குச் சட்டி மாட்டும் பட்டறை எல்லாம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில்தான், அதை மாட்டியவரும் அங்கேதான் இருக்கிறார். இதைப் படிக்கிறவர்களில் ஒருவர்.

உங்களிடம் ஒரு டிரைவர் வருவார், இல்லை வந்து போயிருப்பார். பட்டப்பகலில் கழித் தண்ணீரில் இரண்டு தலை பார்த்தேன், இரண்டும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கின என்று சொல்வார். சிரிக்காதீர்கள். அவரை உட்கார வைத்துவிட்டு ரூஃபில் ஏறி, இடது பக்கக் காலைப் பிடித்துத் தூக்குங்கள்.

அந்த இரண்டு தலையில் ஒன்று என்னுடையது.